ஸ்டோமாவைச் சுற்றித் தோல் எரிகிறது, என்ன க்ரீம் போடலாம்?

உங்கள் அம்மாவுக்கு இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றின் வெளியே திறந்து, கழிவைப் பையில் சேர்ப்பது) வைத்து இரண்டு வாரம் ஆகிறது, ஸ்டோமாவை, அதாவது வெளியே தெரியும் அந்தக் குடல் வாயைச் சுற்றியுள்ள தோல் சிவந்து எரிகிறது, எந்த க்ரீம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இங்கே பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் அப்பாவுக்கு மாதக்கணக்கில் பை மாற்றியவள் நான்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: க்ரீமைத் தேடாதீர்கள், முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள்.

சிறுகுடலிலிருந்து நேராக வரும் கழிவில் செரிமான நொதிகள் இருக்கும். சோற்றையும் பருப்பையும் கரைக்கிற அந்த நொதிகள் தோலையும் அரிக்கும். அதனால் எரிச்சலோ நமைச்சலோ வந்தால், மாற்றும் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே பையைக் கழற்றுங்கள். மேலே டேப் ஒட்டிச் சமாளித்தால் கழிவு உள்ளேயே தங்கிப் புண்ணாகும்.

கழற்றிய ஃபிளேஞ்சை (பையைத் தோலில் பிடித்திருக்கும் பசைத் தகடு) தூக்கிப் போட்டுவிடாமல் அதன் பின்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பசை ஊறி, வெளுத்து, கழிவு படிந்திருந்தால் கசிவின் வழி அதுதான். தோலில் அதே இடம் சிவந்திருக்கும். அப்பாவுக்கு எப்போதும் கீழ்ப்பக்கம்தான், உட்காரும்போது வயிறு மடிகிற இடத்தில். அந்தப் பள்ளத்தில் ஸ்டோமா பேஸ்டை மெல்லிய வரியாக வைத்து நிரவிய பிறகுதான் நின்றது. பேஸ்ட் வாங்கும்போது ஆல்கஹால் இல்லாததாகக் கேளுங்கள், இருந்தால் புண்பட்ட தோலில் தீயாக எரியும்.

அடுத்தது ஃபிளேஞ்சில் வெட்டும் ஓட்டையின் அளவு. புது ஸ்டோமா வீங்கியிருக்கும், 6 முதல் 8 வாரத்தில் சுருங்கும். மருத்துவமனையில் வெட்டிக் கொடுத்த அளவையே தொடர்ந்தால் நடுவில் தோல் வெளியே தெரியும், கழிவு அங்கே நிற்கும். வாரம் ஒரு முறை அளந்து, ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுங்கள். இறுக்கமாகவும் வெட்டக் கூடாது. ஸ்டோமாவுக்கு வலி தெரியாது, விளிம்பு அறுத்தாலும் அம்மாவால் சொல்ல முடியாது.

கழுவ வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். டெட்டால், வாசனை சோப்பு, குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான் எதுவும் வேண்டாம். எங்கள் பக்கம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும்தான் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் எண்ணெய் பட்ட தோலில் ஃபிளேஞ்ச் ஒட்டாது, மறுபடியும் கசியும். துடைக்கும்போது ஸ்டோமாவில் லேசாக ரத்தம் தெரிந்தால் பயப்படாதீர்கள். தோல் கசகசவென்று நீர் விட்டால் ஸ்டோமா பவுடரைத் தூவி, அதிகப்படியானதைத் தட்டிவிட்டு ஒட்டுங்கள். ஒட்டியதும் உள்ளங்கையைச் சில நிமிடம் மேலே வைத்திருங்கள், சூட்டில் பசை நன்றாகப் பிடிக்கும். காலையில் காபிக்கு முன்னால் மாற்றினால் நடுவில் கழிவு வருவது குறைவு. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே காலி செய்யுங்கள், கனம் ஃபிளேஞ்சை இழுத்துவிடும்.

பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் வியர்வைக்கு ஃபிளேஞ்ச் வழக்கமான நாள் தாங்காது, அதனால் கொஞ்சம் முன்னாலேயே மாற்றிவிடுவோம். அந்த ஈரத்தில் ஓரமெல்லாம் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளியாக வந்து நமைத்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி, அதற்கான பவுடர் வாங்குங்கள்.

ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், ரத்தம் நிற்காவிட்டால், கழிவு வராமல் வயிற்று வலியும் வாந்தியும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தண்ணீராகவே போய், நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்தாலும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். கேரளத்தில் என்றால் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் சிஸ்டரை (வலிநிவாரணப் பராமரிப்புச் செவிலியர்) ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டு வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. அவர்கள் வரும் நாளில் பையை மாற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். அம்மாவையும் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சீக்கிரமே அவரே செய்துகொள்ள முடியும்.