கேபிள் பின்னலைக் கையால் பழகுவது எப்படி?

ஊசிப் பின்னலின் அடிப்படைக் கண்ணிகளான நிட், பர்ல் இரண்டும் வரும், ஆனால் கயிறு முறுக்கியதுபோல் தெரியும் கேபிள் மட்டும் வீடியோ பார்த்தும் பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வீடியோவை மூடிவிட்டு ஊசியை எடுங்கள். இதில் புதிதாக எந்தக் கண்ணியும் இல்லை. கண்ணிகளின் வரிசையை மாற்றிப் பின்னுகிறோம், அவ்வளவுதான்.

நேராக ஸ்வெட்டரில் இறங்க வேண்டாம். வெளிர் நிறத்தில், முறுக்கு நன்றாகத் தெரியும் கம்பளி நூலில் 18 கண்ணி போடுங்கள். முன்பக்கத்தில் 6 பர்ல், 6 நிட், 6 பர்ல். பின்பக்கத்தில் 6 நிட், 6 பர்ல், 6 நிட். இப்படி நான்கு வரிசை.

ஐந்தாவது வரிசையில் முதல் 6 பர்ல் முடிந்ததும், அடுத்த மூன்று கண்ணிகளைப் பின்னாமலே துணை ஊசிக்கு (கண்ணிகளைச் சற்று நேரம் தாங்கி வைக்கும் சிறிய ஊசி) மாற்றி, துணிக்கு முன்னால் தொங்கவிடுங்கள். இடது ஊசியில் அதற்கடுத்துள்ள மூன்றை நிட் போடுங்கள். பிறகு துணை ஊசியில் இருப்பவற்றை நிட் போடுங்கள். முதல் கண்ணியில் நூலைச் சற்று இழுத்துப் பிடித்தால் இடைவெளி விழாது. கடைசி 6 பர்ல் போட்டால் வரிசை முடிந்தது. முறுக்கு இடப்பக்கம் சாயும். துணை ஊசியைத் துணிக்குப் பின்னால் வைத்தால் வலப்பக்கம் சாயும். அதையும் பின்னிப் பாருங்கள். ஆறு வரிசைக்கு ஒருமுறை இப்படிக் கண்ணிகளை இடம் மாற்றிப் பின்ன வேண்டும்.

ஒரு முறுக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு, அந்த ஆறு கண்ணிகளை மட்டும் பிரித்து, கொக்கி முனையுள்ள குரோஷே ஊசியால் மீண்டும் ஏற்றிப் பழகுவது ரொம்ப முக்கியம் என்பேன். பயம் போவது அங்கேதான்.

கேபிள் துணியை உள்ளிழுக்கும். ஸ்வெட்டருக்குக் கண்ணி கணக்கிடும்போது பழகப் பின்னிய இந்தத் துண்டையே அளந்துகொள்ளுங்கள்.