கீமோவுக்குப் பிறகு பாதம் மரத்துப்போனால் யோகா உதவுமா?

பாலக்கோட்டில் அம்மாவுக்கு பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து முடிந்து நான்கு மாதமாகியும் பாதம் மரத்தே இருக்கிறது, யோகா செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம். இந்த மருந்து பெரும்பாலும் நீளமான நரம்புகளின் நுனியைத்தான் முதலில் தாக்கும். அதனால்தான் கால்விரலில் தொடங்குகிறது. பயிற்சி நரம்பைச் சரிசெய்துவிடும் என்று நம்பாதீர்கள். தடுமாற்றம் குறையும், அதுவே பெரிய விஷயம். என் பெரியம்மா செருப்பு கழன்றதே தெரியாமல் ராகி காயும் களம் வரை போய்விட்டார். அவருக்கு நாற்காலியில் ஆரம்பித்தோம்: மூச்சை இழுக்கும்போது குதிகாலைத் தூக்குவது, விடும்போது மெல்ல இறக்குவது, பாதத்தைப் பார்த்துக்கொண்டே பத்து முறை. அப்புறம்தான் சுவரைப் பிடித்து நிற்பது. ஒற்றைக்காலில் நிற்பது இப்போதைக்கு வேண்டாம். தினமும் இரவில் உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். வலி, எரிச்சல் தாங்கவில்லை என்றால் நரம்பு வலிக்குக் கொடுக்கும் டுலோக்ஸெடின் மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.