எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லாதீர்கள், தேதியைக் கேளுங்கள்

கேள்வி: பெருந்தொற்றுக் காலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் தினமும் "இன்று இத்தனை பேருக்குத் தொற்று" என்று அறிவிக்கின்றன. இதனால் பீதிதான் பரவுகிறது. எண்ணிக்கையை மருத்துவர்களோடு நிறுத்திக்கொண்டு, மக்களுக்கு "கவனமாக இருங்கள்" என்று சொன்னால் போதாதா?

பதில்: போதாது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் 1918-ல் ஏறக்குறைய நீங்கள் சொல்வதைத்தான் செய்தது. ஃப்ளூ ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அதிகாரிகள் மக்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். செப்டம்பர் 28 அன்று, போருக்காக மக்களிடம் கடன் திரட்டும் ஊர்வலத்தைத் திட்டமிட்டபடி நடத்தினார்கள். சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள். சில நாட்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பின. வீட்டில் இருப்பதா, ஊர்வலத்துக்குப் போவதா என்று முடிவெடுக்கத் தேவையான தகவல் அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபப்பட வேண்டியது எண்ணிக்கையின் மீதல்ல, அது எழுதப்படும் விதத்தின் மீது. "இன்று 70 பேர்" என்று மட்டும் போட்டால் அதை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது. நேற்று 400 பரிசோதனையில் 40 பேர், இன்று 1,400 பரிசோதனையில் 70 பேர் என்று வையுங்கள். எண்ணிக்கை கூடியிருக்கிறது, தொற்று விகிதமோ 10 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. உடனே நிம்மதி அடையவும் வேண்டாம். நேற்றுவரை காய்ச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் பரிசோதித்துவிட்டு இன்று அறிகுறி இல்லாதவர்களையும் சேர்த்திருந்தால், விகிதம் தானாகவே இறங்கும். ஆகவே எத்தனை பேருக்குப் பரிசோதனை, யாருக்குப் பரிசோதனை என்ற இரண்டும் அந்த அறிவிப்பில் இருந்தாக வேண்டும்.

அதைவிட முக்கியம் தேதி. பெரும்பாலான அறிவிப்புகள் சறுக்குவது இங்கேதான். கோவிட் தொடக்க அலைகளில் தொற்று ஏற்பட்டு அறிகுறி தெரியச் சராசரியாக 5 நாள் ஆனது. சிலருக்கு 14 நாள் வரைகூட ஆனது. அதன் பிறகு அவர் பரிசோதனைக்குப் போக ஒன்றிரண்டு நாள், லேபிலிருந்து முடிவு வர ஒன்றிரண்டு நாள். அப்படியானால் "இன்று 70" என்பது ஒரு வாரத்துக்கு மேல் முன்னால் நடந்த பரவலின் கணக்கு. இறப்பு எண்ணிக்கை இன்னும் இரண்டு மூன்று வாரம் பின்தங்கி வரும். கட்டுப்பாடு போட்ட மூன்றாம் நாளே "பலன் இல்லையே" என்று அலுத்துக்கொள்வதும், எண்ணிக்கை இறங்கிய மறுநாளே கூட்டம் கூடுவதும் இந்த இடைவெளியை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான்.

அறிகுறி தொடங்கிய தேதிப்படி வரைபடம் போடும் அலுவலகங்கள் இன்னொரு குழியில் விழுகின்றன. கடைசி நான்கைந்து நாட்களின் கணக்கு அப்போது முழுமையாக வந்திருக்காது. அதனால் எந்த நாளில் பார்த்தாலும் கோடு கடைசியில் இறங்குவது போலவே தெரியும். அந்தப் பகுதியை வேறு நிறத்தில் காட்டி "கணக்கு முழுமையாகவில்லை" என்று எழுத வேண்டும். விடுமுறை நாளில் லேப்கள் குறைவாக இயங்கும். அடுத்த ஓரிரு நாளில் எண்ணிக்கை துள்ளும். இதற்கு மருந்து 7 நாள் சராசரி, அதாவது கடைசி ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுப்பது.

வார்டு வாரியாகப் போடச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். போடலாம், ஒரு எல்லை வரை. 200 பேர் வாழும் தெருவில் ஒருவருக்குத் தொற்று வந்தால் அது "லட்சத்துக்கு 500" ஆகிவிடும். 3 பேர் 6 பேரானால் "100 சதவீத உயர்வு". இரண்டும் கணக்கில் சரி, பொருளில் வெறுமை. தெருப் பெயர், வயது, வேலை மூன்றையும் சேர்த்துப் போட்டால் அந்த வீடு எதுவென்று ஊருக்கே தெரிந்துவிடும். அதைப் பார்க்கிற அடுத்தவர் காய்ச்சல் வந்தாலும் பரிசோதனைக்கு வர மாட்டார். சிறிய பகுதிகளுக்கு வாரக் கணக்கும், "5-க்குக் குறைவு" என்ற குறிப்பும் போதும்.

இனி நீங்கள் சிபாரிசு செய்யும் "கவனமாக இருங்கள்". அதைப் படித்தவர் என்ன செய்வார்? "வீட்டைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்யவும்" என்பதும் அதே ரகம்தான். இப்படி எழுதினால் பயன் உண்டு: அடிக்கடி தொடும் இடங்களை முதலில் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், ஏனென்றால் அழுக்கு ப்ளீச்சில் உள்ள குளோரினின் வீரியத்தைத் தின்றுவிடும். பிறகு 5 சதவீத ப்ளீச் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும், அதால் துடையுங்கள். அன்றன்றைக்குக் கலக்குங்கள், வெயிலில் வைத்தால் வீரியம் போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். ஆட்கள் மீது தெளிக்கக் கூடாது. தெருவெங்கும் வண்டியில் மருந்தடிப்பதை 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. அந்த ஆட்களையும் நேரத்தையும் காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு அனுப்பலாம்.

அறிவிப்பை வெறும் படமாக மட்டும் போட்டால் பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைப் படிக்காது. எழுத்தாகவும் போட வேண்டும். வெளியிட்ட தேதியும் நேரமும், எதுவரை செல்லும் என்பதும் படத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதம் முந்தைய ஊரடங்கு அறிவிப்பு வாட்ஸ்அப்பில் இன்றைய செய்தியாகச் சுற்றும்.

தவறு நடக்கும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 பாசிட்டிவ் முடிவுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. முடிவுகளைத் தொகுத்த பழைய வகை எக்ஸெல் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது; நிரம்பியதும் மிச்சம் உதிர்ந்துவிட்டது. தொற்றியவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் தாமதமானது. அந்த எண்ணிக்கை வெளியே சொல்லப்பட்டதால்தான், அடுத்த நாட்களில் கணக்கு திடீரென்று ஏறியதற்குக் காரணம் மக்களுக்குப் புரிந்தது. உள்ளாட்சியும் திருத்தத்தைச் சத்தமில்லாமல் செய்யக் கூடாது: பழைய எண் எது, புதிய எண் எது, ஏன் மாறியது, மூன்றையும் அதே பக்கத்தில் போட வேண்டும்.

ஆகவே, எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லி மனு எழுதாதீர்கள். பரிசோதனை எண்ணிக்கை, 7 நாள் சராசரி, காலியாக உள்ள படுக்கைகள், அடுத்த அறிவிப்பு வரும் நேரம் ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். அறிவிப்பில் உள்ள உதவி எண்ணை இரவிலும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் மனுவின் முதல் வரியாக அதை எழுதுங்கள், அழைத்த நேரத்தோடு.