தொடக்கப் பள்ளியில் பிரெஞ்சு கற்பது என்றால் என்ன?

நாகர்கோவில் பக்கம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குப் பிரெஞ்சு எதற்கு என்பது கேள்வி. இந்த வயதில் அது இலக்கணப் பாடமன்று. பாட்டு, எண்கள், வணக்கம் சொல்லும் முறை ஆகியவற்றின் வழியே அம்மொழியின் ஒலியையும் அதைப் பேசுவோரின் பழக்கங்களையும் அறிமுகப்படுத்துவதாகும்.

சீக்கிரம் தொடங்குவதற்கு முதற்காரணம் காது. புதிய ஒலிகளைக் கூச்சமின்றித் திருப்பிச் சொல்வது பிள்ளைகளுக்கு எளிது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சந்தையில் ஒரு கடையில் தமிழில் விலை கேட்டுவிட்டு, அடுத்த கடையில் மலையாளத்துக்கு மாறிவிடும் பிள்ளை இலக்கணம் படித்துவிட்டா மாறுகிறது? 'மரம்' என்பதைப் பேச்சில் சொல்லும்போது கடைசி 'ம்' உதட்டில் முடியாமல் மூக்கில் கரைகிறதல்லவா, 'நல்ல' என்று பொருள்படும் 'போன்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் முடிவும் ஏறக்குறைய அப்படித்தான். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் 'த்யூ', 'வூ' என அங்கே உண்டு (இதை ஆங்கிலம் வழியாக விளக்குவது வீண் வேலை). கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லாமல் நேரே பொருளைக் கேட்பது பிரான்சில் மரியாதைக் குறைவு.

ஆங்கிலத்தின் அதே எழுத்துகள்தாமே, அப்படியே படித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சொல்லிறுதி மெய்கள் பலவும் ஒலிப்பதில்லை, பாரிஸ் நகரை அந்நாட்டார் 'பாரி' என்றே அழைக்கிறார்கள்.