துணி எங்கிருந்து தொங்குகிறது? – கடிதம்

அன்புள்ள அக்கா,

எட்டு வருடங்களாக ஃபேஷன் இல்லஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். பத்திரிகை, ஆடை நிறுவனம், அழகுசாதன விளம்பரம் என்று வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடந்த ஒரு வருடமாக நான் வரைவதெல்லாம் ஒரே படம் மாதிரி இருக்கிறது. அதே நீளக் கழுத்து, அதே பாதி மூடிய கண், இடுப்பில் ஒரு கை. கிளையன்ட்டுகள் அதைத்தான் "உங்கள் ஸ்டைல்" என்று பாராட்டுகிறார்கள். எனக்கோ என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்துப் போடுவதுபோல இருக்கிறது.

தினமும் காலையில் ஒரு மணி நேரம் ரெஃபரன்ஸ், அதாவது பார்த்து வரைய மாதிரிப் படங்கள், சேகரிக்கிறேன். அவற்றை ஒட்டிவைக்கும் மூட்போர்டில் நாலாயிரம் படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பார்க்கப் பார்க்க அலுப்புதான் மிச்சம். எதை வரைய நினைத்தாலும் அதை யாரோ ஏற்கெனவே வரைந்திருக்கிறார்கள். போதாததற்கு, நாலு வார்த்தை தட்டினால் படம் போட்டுத் தரும் மென்பொருள்கள் வேறு வந்துவிட்டன. புதிதாக ஒரு உந்துதலை எங்கே போய்த் தேடுவது? மீடியத்தை, அதாவது வரையும் சாதனத்தை, மாற்றிப் பார்க்கட்டுமா? நல்ல பிரஷ் செட் ஒன்று வாங்கலாம் என்று கண் வைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் உறுத்தியது அந்த நாலாயிரம்தான்.

அந்தப் படங்கள் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு ஸ்டைலிஸ்ட் உடையைத் தேர்ந்து, முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்து, மாடலுக்கு மாட்டிவிட்டிருக்கிறார். புகைப்படக்காரர் விளக்கை வைத்திருக்கிறார். இன்னொருவர் கணினியில் சுருக்கங்களைத் துடைத்திருக்கிறார். எடிட்டர் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார். எல்லா முடிவும் எடுத்து முடிந்த பிறகு அது உங்கள் திரைக்கு வருகிறது. உங்களுக்கு மிஞ்சுவது கோடு தடியா மெல்லிசா என்பது மட்டும்தான். அதற்கும் கையில் ஒரு பழக்கம் இருக்கிறது. அப்புறம் எப்படி வேறு படம் வரும்?

இதை எனக்கு ஒரு கிளையன்ட் சொல்லிக்கொடுத்தார், கொஞ்சம் வலிக்கிற விதத்தில். நான் தொழிலுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். குளிர்கால உடைகளுக்கான ஒரு கேட்லாக். ஆறு கோட்டுகள், ஆறு படங்கள். அவர்கள் அனுப்பிய புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டே நாளில் முடித்தேன். கோடெல்லாம் வழுக்கிக்கொண்டு போயிருந்தது, எனக்கே பெருமை. அன்று சாயங்காலம் அந்தப் பெண்மணி போனில் கூப்பிட்டார். "படம் ரொம்ப நல்லா இருக்கு. மூணாவது கோட்டு என்ன துணி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. அது முரட்டுக் கம்பளி. என் படத்தில் அது பட்டு மாதிரி வழிந்துகொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு மற்ற ஐந்தையும் பார்த்தேன். ஆறும் பட்டு. பழைய ஃபைல்களைத் திறந்தால் டெனிமும் பட்டு, லெதரும் பட்டு. நான் என் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு துணி. அதை உலகத்தில் எல்லோருக்கும் போர்த்திவிட்டிருந்தேன்.

அவமானத்தோடு அந்தக் கோட்டு உடையையே அனுப்பச் சொன்னேன். அட்டைப்பெட்டியில் வந்தது, எடுத்தால் கை இறங்கும் கனம். ஒரு நாற்காலியின் முதுகில் மாட்டினேன். முதல் நாள் நான் வரைந்ததெல்லாம் வழக்கம்போல வந்தது. கண் நாற்காலியைப் பார்த்தது, கை தனக்குத் தெரிந்ததை வரைந்தது. இரண்டாம் நாள்தான் முழங்கையில் ஒரு விஷயம் பட்டது. மெல்லிய துணி மடங்கினால் முழங்கையின் உள்பக்கம் நாலைந்து கோடுகள் விசிறிபோலப் பிரியும். இதில் அப்படி இல்லை. இரண்டே இரண்டு மடிப்பு, சுண்டுவிரல் பருமன், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. மடிப்பின் ஓரத்தில் கூர்மையே கிடையாது. வெளிச்சம் அதன்மேல் உருண்டு ஏறி, மெதுவாக இறங்கியது. காலர் ஓரத்துக்கு ஒரு கோடு போதாது, இரண்டு வேண்டும். அந்தத் துணிக்குத் தடிமன் என்று ஒன்று இருக்கிறது. கையின் முனை, உள்ளே மணிக்கட்டு இல்லாவிட்டாலும் வட்டமாகத் திறந்து நின்றது.

மூன்றாம் நாள் வரைந்த படத்தில் என்னுடைய வழவழக் கோடு ஒன்றுகூட இல்லை. கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்து வரைந்தேன், ஏனென்றால் அந்த மடிப்பை வேறெப்படியும் காட்டத் தெரியவில்லை. புதிய உந்துதல் எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்களே, எனக்குக் கிடைத்தது அந்த முழங்கையில்.

அதன்பிறகு ஒரு தையலகத்தில் வாரம் ஒரு மத்தியானம் உட்கார அனுமதி கேட்டு வாங்கினேன். வெட்டுகிறவர்களைப் பார்க்கத்தான். அங்கே ஒரு அம்மா சதுரத் துணி ஒன்றை எடுத்து, மேல் ஓரத்தின் இரண்டு முனைகளையும் பிடித்துக் காட்டினார். திரைச்சீலை மாதிரி விறைப்பாகத் தொங்கியது. அதே துணியை ஒரே ஒரு முனையில் பிடித்தார். சட்டென்று அதற்கு உயிர் வந்ததுபோல நீண்டு, நெளிந்து, அவர் கையைச் சுற்றி ஒட்டிக்கொண்டது. துணி அதேதான். நெசவு நூலுக்கு 45 டிகிரியில் எடை விழுந்தால் துணி இழுபடும். பயஸ் கட் என்பதன் மொத்த ரகசியமும் அதுதான். மாட்லென் வியோனே என்ற ஆடை வடிவமைப்பாளர் 1920களில் பாரிஸில் அந்தக் குறுக்கு வெட்டில்தான் ஒரு தலைமுறையின் உடையையே மாற்றினார். அவர் ஸ்கெட்ச் போட்டுத் தொடங்கவில்லை; சின்ன மரப்பொம்மை ஒன்றின்மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தொடங்கினார். புத்தகத்தில் இதைப் பத்து தடவை படித்திருப்பேன். அந்த அம்மா முனையை மாற்றிப் பிடித்த அந்த ஒரு நொடியில்தான் விளங்கியது.

அன்றிலிருந்து எந்த உடையைப் பார்த்தாலும் முதலில் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: துணி எங்கிருந்து தொங்குகிறது? தோளிலிருந்தா, மார்பிலிருந்தா, இடுப்பெலும்பிலிருந்தா? எடை எங்கே இறங்குகிறது, எங்கே முட்டி நிற்கிறது? விறைப்பான டாஃபெட்டா துணி உடைந்து உடைந்து மூலை காட்டும். ஷிஃபான் குழாய் குழாயாக இறங்கும். பின்னல் துணியான ஜெர்ஸி எங்கே ஒட்டுகிறதோ அங்கே கோடே வேண்டாம். இதைக் கேட்கத் தொடங்கிவிட்டால் போஸும் மாறிவிடும். உங்கள் இடுப்பில் கை வைத்த பெண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறாள் தெரியுமா? உடை அவளிடம் வேறெதுவும் கேட்கவில்லை. கனத்த கோட்டு போட்டவள் அப்படி நிற்க மாட்டாள், பாக்கெட்டில் கையை விட்டு முன்னால் கொஞ்சம் சாய்வாள்.

பழைய ஆட்கள் இதில் பிடிவாதமாக இருந்தார்கள். எரிக் என்று கையெழுத்திட்ட கார்ல் எரிக்சன், பல பத்தாண்டுகள் வோக் என்ற ஃபேஷன் இதழுக்கு வரைந்தவர், மாடல் எதிரில் இல்லாமல் வரைய மாட்டார். ஃபேஷன் ஓவியர் அன்டோனியோ லோப்பஸ் 1960களிலும் 70களிலும் பாணியை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒருவரே வரைந்தாரா என்று சந்தேகம் வரும். ஆனால் முக்கால்வாசி எதிரில் ஆளை வைத்து வரைந்ததுதான். ஆள் மாற மாறக் கோடும் மாறியது என்று நான் நினைக்கிறேன். அவருக்கு ஹுவான் ராமோஸ் என்ற கூட்டாளியும் இருந்தார்; வேலை முழுக்க இருவரும் சேர்ந்து யோசித்தது. நம்மில் பலர் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து மூளை வறண்டுவிட்டது என்று புலம்புகிறோம். வரையும்போது எதிரில் பேச ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தனியாக எழுத வேண்டும். இன்னொரு நாள்.

மென்பொருள் பற்றிக் கேட்டீர்கள். நம் தொழிலுக்கு இந்தப் பயம் புதிது இல்லை. 1932 ஜூலையில் வோக் அட்டையில் எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்த வண்ணப் புகைப்படம் வந்தது. அதற்குப் பிறகு அட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஓவியர்கள் கையைவிட்டுப் போயின. சரி, போயின. ஆனாலும் 2020 ஜனவரியில் வோக் இத்தாலியா ஃபோட்டோஷூட்டே இல்லாமல் ஓவியங்களை வைத்து ஓர் இதழ் கொண்டுவந்தது. இதை வைத்து ஆறுதல் சொல்லப்போவதில்லை. உங்களிடம் ஒன்றை மட்டும் நேராகச் சொல்கிறேன்: படங்களைப் பார்த்துப் படம் செய்வதுதான் அந்த மென்பொருளின் வேலை. உங்கள் காலை ஒரு மணி நேரமும் அதே வேலைதான். அந்தப் போட்டியில் அது ஜெயிக்கும், நாலாயிரம் அதற்கு ஒரு எண்ணிக்கையே இல்லை.

அதனால் ரெஃபரன்ஸையே தூக்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை. நானே தினமும் பார்க்கிறேன். ஆனால் முதல் ஸ்கெட்ச் முடியும்வரை திறப்பதில்லை. பார்க்கும்போதும் ஒரு படத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிட்டு, நினைவிலிருந்து வரைகிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் லெகோக் த புவாபோத்ரான் என்ற ஆசிரியர் நினைவிலிருந்து வரைவதையே ஒரு பயிற்சியாக வைத்திருந்தார். சிற்பி ரோதேன் அவரிடம் படித்தவர். நினைவிலிருந்து வரையும்போது எது மறக்கிறது என்று கவனியுங்கள். எனக்கு எப்போதும் கைகள் மறந்துபோகும், ஓரத்தையல் மறக்காது. உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும். நாலாயிரத்தில் எது உண்மையில் உங்களுடையது என்பது அப்போது தெரிந்துவிடும். முப்பது தேறினால் பெரிது.

மீடியத்தை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் கூட்டாதீர்கள், குறையுங்கள். 1908இல் ஆடை வடிவமைப்பாளர் போல் போய்ரே தன் உடைகளை வரைய போல் இரிப் என்ற ஓவியரிடம் கொடுத்தார். அந்தப் படங்களை பொஷ்வார் முறையில் அச்சிட்டார்கள். நிறத்துக்கு ஒன்றாக ஸ்டென்சில் வெட்டி, கையால் பூசுகிற முறை. அதில் நிழலை இழைத்துக் காட்டுவது லேசில்லை. தட்டையான நிறம், சுற்றிலும் மெல்லிய கோடு, சுற்றி நிறைய வெற்றிடம். வசதிக் குறைவாகத் தெரிவதுதான் அந்தப் படங்களின் முகமாகிவிட்டது. ஃபேஷன் ஓவியர் ரெனே குருவோவைப் பாருங்கள். மிஸ் டியோர் வாசனைத் திரவியத்துக்கு அவர் செய்த புகழ்பெற்ற விளம்பரம் ஒன்றில் பெண்ணே கிடையாது. ஒரு வெள்ளை அன்னம், கழுத்தில் முத்துமாலை, கறுப்பு ரிப்பன். அவ்வளவுதான். உங்கள் டேப்லெட்டில் எத்தனை பிரஷ் இருக்கிறது? எண்ணிப் பார்த்து வெட்கப்படுங்கள், நானும் பட்டிருக்கிறேன். ஒரு மாதம் ஒரே பிரஷ், இரண்டு நிறம், அன்டூ (போட்ட கோட்டை அழித்துத் திரும்பப் போவது) கிடையாது என்று வைத்துப் பாருங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

கிளையன்ட் விஷயம் தனி. அவர்கள் காசு கொடுப்பது உங்கள் பழைய பாணிக்கு, அதில் தப்பில்லை. நான் செய்வது இது: கேட்டதை அப்படியே ஒரு ரஃப் ஸ்கெட்ச்சாக அனுப்புவேன், கூடவே கேட்காத ஒன்றையும். பத்துக்கு எட்டு தடவை பழையதைத்தான் எடுப்பார்கள். மிச்ச இரண்டு தடவை போதும், அதைக் காட்டி அடுத்த வேலை வரும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். எட்டு வருடத்தில் சேர்ந்தாற்போல இரண்டு வாரம் வரையாமல் இருந்திருக்கிறீர்களா? சில சமயம் வறட்சி என்று நாம் சொல்வது வெறும் தூக்கக் கடன். அதற்கு மேலே சொன்ன எதுவும் மருந்தில்லை.

பிரஷ் செட்டை இப்போது வாங்க வேண்டாம். வீட்டில் இருப்பதிலேயே தடிமனான உடை ஒன்றை எடுத்து நாற்காலியில் மாட்டுங்கள். முழங்கையை மட்டும் வரையுங்கள், முகம் வேண்டாம், கழுத்து வேண்டவே வேண்டாம். மூன்று நாள். முதல் நாள் படத்தையும் மூன்றாம் நாள் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். போட்டோ எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், போன தடவை நீங்கள் அனுப்பியதில் பாதிப் படத்தின்மேல் உங்கள் நிழல்தான் இருந்தது.

அன்புடன்,
அக்கா