உங்கள் கட்சி உறுப்பினரே பாதைக் காசைச் சாப்பிட்டால் என்ன செய்வது?

தம்பி, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போகும் கொங்கிரீட் பாதை பாதியில் நிற்கிறது, ஆனால் முழு வேலைக்கும் பில் போய்விட்டது, செய்தவர் நம் கட்சியின் பிரதேச சபை உறுப்பினர், வாய் திறந்தால் துரோகி என்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

முதலில் கூட்டத்தில் கத்த வேண்டாம். அளவு நாடாவோடு போய்ப் பாதையை அளந்து பாருங்கள். எங்கள் தோட்டத்தில் படிக்கட்டு வேலைக்கு அப்படித்தான் செய்தோம். நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த ஓர் அக்கா. கட்டியது 31 படி, பில்லில் 60.

அந்தப் பில் கையில் கிடைத்தது இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால். பிரதேச சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். மதிப்பீடு, அளவீட்டுத் தாள், கொடுப்பனவு வவுச்சர் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

அப்புறம் அந்தத் தாள்களோடு கட்சித் தலைமைக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், தனியாக அல்ல, கிளையில் நாலைந்து பேர் கையெழுத்தோடு. தோட்டத் தலைவர் ஒருவரும் இருந்தால் மிக நல்லது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் முறைப்பாடு செய்பவருக்குப் பாதுகாப்பும் உண்டு.

துரோகி என்றால் சொல்லட்டும். மழைக்கு அந்தச் சேற்றில் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். அந்தக் காசு அவர்களுடையது. அளந்ததும் எழுதுங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.