14 மாத ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுத் தளர்ச்சி

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். 14 மாதமான எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் பெண் நாய் 38 கிலோ இருக்கிறது. காலையில் எழுந்திருக்கத் தடுமாறுகிறது. ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயல்போல் தாவுகிறது. எக்ஸ்ரேயில் ஹிப் டிஸ்பிளேசியா என்று தெரிந்தது. அறுவைக்கு வசதியில்லை என்றால் ஊசி போட்டு முடித்துவிடுவதே மேல் என்கிறார்கள் உறவினர்கள். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது, அம்மா. உங்கள் நாயின் உயிரைப் பற்றிய முடிவை எடுக்கும் கட்டம் இதுவன்று.

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழியில் இறுகப் பொருந்தாமல் ஆடுவதே இந்நோய். பரம்பரையாக வரும் இந்தத் தளர்ச்சியால், குட்டி வளரும் மாதங்களில் குழி ஆழம் குறைந்து, குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டுவாதம் தொடங்குகிறது. ஆனால் படத்தில் தெரியும் தேய்மானமும் நாய் படும் வலியும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. மோசமான படத்தை வைத்துக்கொண்டு நன்றாக நடமாடும் நாய்கள் உண்டு. எனவே படத்தைவிட நாயின் நடையையே நான் அதிகம் கவனிப்பேன்.

முதல் மருந்து எடைக் குறைப்பு. இந்த இனத்துப் பெண் நாய் பொதுவாக 22 முதல் 32 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுதும் தொடர்ந்த ஓர் ஆய்வில், 25 விழுக்காடு குறைவாக உண்டவை ஏறத்தாழ 2 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்ததோடு, அவற்றுக்கு மூட்டுவாதமும் தாமதமாகவே வந்தது. உணவை அளந்து வையுங்கள்; விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். பன்னி சௌவின் (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய உணவு) குழம்பு ஊறிய ரொட்டியைப் பாசத்தோடு போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கொழுப்பு ஒருபுறமிருக்க, அதிலுள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களையே சிதைக்கும்.

பின்தொடைத் தசை வலுத்தால் தளர்ந்த மூட்டை அதுவே ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆகவே நாயைக் கட்டிப்போடாமல், வாரில் பிடித்துச் சமதரையில் நாள்தோறும் சிறு சிறு நடைகளாக அழைத்துச் செல்லுங்கள். உங்கள் பகுதியின் செங்குத்துச் சாலைகள் இப்போதைக்கு வேண்டாம். பந்துக்குத் தாவுவதை நிறுத்துங்கள். நீந்தப் பழகினால் மிக நல்லது. வழுக்கும் டைல்ஸ் தரையில் பாய் விரியுங்கள்.

வலிக்குக் கார்ப்ரோஃபென், மெலாக்சிகம் போன்றவற்றை, ஈரல், சிறுநீரகப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் தரும் அளவில் மட்டும் கொடுக்கலாம். வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு அவரிடம் செல்லுங்கள். வீட்டிலிருக்கும் இபுப்ரூஃபனையோ டைக்ளோஃபினாக்கையோ ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அவை குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

இடுப்பெலும்பைத் திருப்பி அமைக்கும் அறுவை, மூட்டுவாதம் தொடங்குமுன் இளங்குட்டிகளுக்குச் செய்வது. உங்கள் நாய்க்குப் பெரும்பாலும் அந்தக் காலம் கடந்திருக்கும். மேற்சொன்னவற்றைச் சில மாதங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் வலி அடங்காவிட்டால், தொடை எலும்பின் தலையை அகற்றுவதோ செயற்கை மூட்டு பொருத்துவதோ இனியும் சாத்தியமே. அப்போது எலும்பு அறுவையில் தேர்ந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் படத்துடன் ஆலோசனை கேளுங்கள்.

எப்படியாயினும் இந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். விற்றவரிடமும் தெரிவியுங்கள், அதன் பெற்றோரைக் கொண்டு அவர் இன்னொரு ஈற்றுக்குத் திட்டமிட்டிருக்கக்கூடும்.